ஹட்டனில் என்.எப்.சி. அட்டை: பத்து மாதப் பாவனைக்குப் பின் ஒரு மதிப்பீடு

கொட்டகலைக்கு அண்மையில் மூன்று அறைகள் கொண்ட சிறிய தங்குமிடம் ஒன்றை எங்கள் குடும்பம் நடத்துகிறது. மச்சானுக்குச் சொந்தமாக ஒரு வேன் இருக்கிறது. எங்கள் தொழில் முழுவதும் ஒரே தொலைபேசி இலக்கத்தை நம்பியே நடக்கிறது. ஹட்டன் புகையிரத நிலையத்தில் இறங்குகிறவர் அந்த இலக்கத்தைப் பிழையின்றிப் பதிந்துகொண்டால், மறுநாள் நுவரெலியாவுக்கோ எல்லவுக்கோ போகும் ஹயர் எங்களுக்குக் கிடைக்கும். அவர் ஒரே ஓர் எண்ணை மாற்றிப் பதிந்தாலும் அந்த ஹயர் நிலைய வாசலில் நிற்கும் வேறொரு வண்டிக்குப் போய்விடும்.

இதற்காக இதுவரை நாங்கள் நம்பியிருந்தது காகித விசிட்டிங் கார்டைத்தான். மலைநாட்டு ஈரத்தில் காகிதம் படும் பாட்டை இங்கே வாழ்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஜூன், ஜூலை மாத மழையில் சட்டைப் பையில் வைத்த கார்டுக் கட்டு மாலைக்குள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிடும். காகிதம் தாங்கினாலும், அதிலிருக்கும் இலக்கத்தைக் கைபேசிக்கு மாற்றுகிற வேலை வாங்கிக்கொள்கிறவரின் தலையில் விழுகிறது. வெளிநாட்டுப் பயணிகள் சிலர் முன்னால் இருக்கும் பூச்சியத்தை அப்படியே வைத்துக்கொண்டு அதற்கு முன் இலங்கையின் குறியீடான 94 ஐயும் சேர்த்துப் பதிந்துவிட்டு, வட்ஸ்அப்பில் எங்களைக் காணவில்லை என்று திரும்பி வந்து முறையிட்டதுண்டு.

ஆகவே சென்ற ஆண்டு, கைபேசியில் தொட்டாலே விபரத்தைக் கொடுக்கும் என்.எப்.சி. அட்டைகளை இரண்டு வகையாக வாங்கிப் பார்த்தேன். முதலாவது, ஒன்லைன் விற்பனையாளர் ஒருவரிடம் எங்கள் பெயரும் சின்னமும் அச்சிட்டு வாங்கிய ‘டிஜிட்டல் விசிட்டிங் கார்ட்’; அதற்கு 3,200 ரூபா கொடுத்தேன். இரண்டாவது, எதுவும் அச்சிடப்படாத வெள்ளைப் பிளாஸ்டிக் அட்டைகள் பத்தும், பத்து ரூபாக் குற்றியளவிலான ஸ்டிக்கர்கள் இருபதும். வெள்ளை அட்டை ஒன்று 300 ரூபாவுக்கும் ஸ்டிக்கர் ஒன்று 120 ரூபாவுக்கும் கிடைத்தன. அழகில் முதலாவதற்கு ஈடில்லை. ஆனால் இன்று வேனில் இருப்பதும் வரவேற்பு மேசையில் இருப்பதும் வெள்ளை அட்டைகளே. அதற்கான காரணம், அட்டைக்குள் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதிலும் அதை யார் எழுதினார் என்பதிலும் அடங்கியிருக்கிறது.

இந்த அட்டைக்குள் மின்கலம் கிடையாது. ஓரத்தைச் சுற்றி ஓடும் மெல்லிய கம்பிச் சுருளும், மிளகளவுகூட இல்லாத ஒரு சில்லும் மட்டுமே பிளாஸ்டிக்கின் நடுவில் புதைந்திருக்கின்றன. கைபேசி 13.56 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் உண்டாக்கும் காந்தப் புலத்திலிருந்து அந்தச் சில்லு தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொண்டு, தன்னுள் எழுதியிருப்பதைத் திருப்பிக் கொடுக்கிறது. அதனால் எட்டும் தூரம் நான்கு சென்றிமீற்றர் அளவுதான். நடைமுறையில் அட்டையைக் கைபேசியின் முதுகில் வைத்தே ஆகவேண்டும். எழுதும் ஒழுங்கை வகுத்திருப்பது என்.எப்.சி. போரம் என்ற அமைப்பு. நொக்கியா, பிலிப்ஸ், சொனி ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து 2004 இல் அதைத் தொடங்கின. வெவ்வேறு நிறுவனங்களின் கைபேசிகள் ஒரே அட்டையைப் படிக்க முடிவது அந்தப் பொது ஒழுங்கினால்தான்.

இரண்டு கைபேசிகளை ஒன்றோடொன்று தொட்டு விபரத்தை மாற்றிக்கொள்ள முடியாதா என்று என்னிடம் கேட்டவர்கள் பலர். அன்ட்ரொய்டில் அப்படி ஒரு வசதி முன்பு இருந்தது. 2011 இல் அன்ட்ரொய்ட் 4.0 உடன் ‘அன்ட்ரொய்ட் பீம்’ என்ற பெயரில் வந்த அது, முதுகோடு முதுகு வைத்தால் தொடர்பு விபரத்தை அனுப்பியது. 2019 இல் அன்ட்ரொய்ட் 10 வந்தபோது கூகுள் அதைக் கைவிடத் தொடங்கியது. அப்பிள் 2023 இல் ஐ.ஓ.எஸ். 17 உடன் கொண்டுவந்த ‘நேம்டிராப்’ வசதியோ அப்பிளின் சாதனங்களுக்கு இடையில் மட்டுமே வேலை செய்கிறது. மச்சானின் கையில் இருப்பது சாம்சங்; அவர் ஏற்றிவரும் பயணிகளில் பாதிப்பேரின் கையில் ஐபோன். இந்த இரண்டு சாதிக்கும் நடுவே தரகு பார்க்கிற வேலையைத்தான் இந்த அட்டை செய்கிறது.

ஆனால் தரகர் சொல்வதை இருவரும் ஒரே மாதிரி விளங்கிக்கொள்வதில்லை. முதலில் நான் ‘விகார்ட்’ எனப்படும் தொடர்பு அட்டை வடிவத்தில், பெயர், இலக்கம், மின்னஞ்சல், முகவரி அனைத்தையும் நேரடியாக டேக்கிற்குள், அதாவது அட்டையில் புதைந்திருக்கும் அந்தச் சில்லுக்குள், எழுதினேன். மச்சானின் சாம்சங்கில் வைத்தவுடன் தொடர்புகள் செயலி திறந்து, சேமிக்கவா என்று கேட்டது. இணையம் தேவைப்படவில்லை, செயலி எதையும் இறக்க வேண்டியிருக்கவில்லை. அதே அட்டையை என் மகளின் ஐபோனில் வைத்தபோது எதுவுமே நடக்கவில்லை. அட்டை பழுது என்று நினைத்து வேறு மூன்றை எழுதிப் பார்த்து ஒரு பின்னேரத்தை வீணாக்கிய பிறகுதான் விடயம் விளங்கியது. ஐபோன் தானாக டேக்கைப் படிக்கும்போது, இணையப் பக்க முகவரி, தொலைபேசி இலக்கம், மின்னஞ்சல் போன்ற இணைப்பு வகைப் பதிவு ஏதாவது உள்ளே இருக்கிறதா என்று மட்டுமே தேடுகிறது. விகார்ட் அதன் கண்ணில் படுவதில்லை.

ஐபோன்களுக்குள்ளேயும் பேதம் இருக்கிறது. 2018 இல் வந்த எக்ஸ்.எஸ்., எக்ஸ்.ஆர். தொடக்கம் திரை ஒளிர்ந்தாலே போதும், டேக்கைத் தானாகப் படித்து மேலே ஓர் அறிவித்தலைக் காட்டும். அதற்கு முந்திய 7, 8, எக்ஸ் ஆகியவற்றில் கட்டுப்பாட்டு மையத்தைத் திறந்து ‘என்.எப்.சி. டேக் ரீடர்’ என்பதை அழுத்திய பிறகே படிக்கும். பழைய ஐபோன் 8 வைத்திருந்த கொழும்புக் குடும்பம் ஒன்றுக்கு அதை நான் விளக்கி முடிப்பதற்குள், அந்த அம்மா பேனையை எடுத்துக் கைப்பையின் பின்புறத்தில் இலக்கத்தை எழுதிக்கொண்டார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வைக்கும் இடமும் முக்கியமானது. ஐபோனில் அலைவாங்கி மேல் விளிம்பில் இருக்கிறது. பெரும்பாலான அன்ட்ரொய்ட் கைபேசிகளில் முதுகின் நடுவிலோ கெமராவுக்குச் சற்றுக் கீழேயோ இருக்கிறது. அன்ட்ரொய்டில் பழகிய மச்சான் எல்லா ஐபோன்களின் நடுவிலும் அட்டையை அழுத்தி வைத்துவிட்டு, ‘இவருடையதில் வேலை செய்யாது’ என்று முடிவு சொல்லிக்கொண்டிருந்தார். பயணிகள் பக்கத்திலிருந்து வந்த தடைகள் இரண்டு. அட்டையைக் கண்டதும் கியூ.ஆர். என்று நினைத்துக் கெமராவைத் திறந்து நீட்டுவது பலருக்கும் பழக்கமாகிவிட்டது. கெமரா திறந்திருக்கும்வரை ஐபோன் டேக்கைத் தானாகப் படிக்காது. ரோமிங் கட்டணத்துக்குப் பயந்து கைபேசியை ‘ஏர்பிளேன் மோட்’ நிலையிலேயே வைத்திருக்கும் வெளிநாட்டவரின் ஐபோனும் அப்படித்தான். இப்போது மச்சான் அட்டையை நீட்டுவதற்கு முன் இவை இரண்டையும் கேட்டுவிடுகிறார், காய்ச்சலா தடிமனா என்று மருந்தகத்தில் கேட்பதைப் போல.

இனி, தமிழில் எழுத விரும்புகிறவர்கள் கவனிக்க வேண்டிய விடயத்துக்கு வருகிறேன். விற்பனைப் பக்கங்கள் எதிலும் இதை நான் காணவில்லை. சந்தையில் அதிகம் கிடைக்கும் சில்லுகள் மூன்று: என்டேக் 213, 215, 216. முதலாவதில் எழுதக்கூடிய இடம் 144 பைட், இரண்டாவதில் 504, மூன்றாவதில் 888. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். தமிழில் உயிர்மெய்யை நாம் ஓர் எழுத்தாக எண்ணினாலும், கணினி மெய்யெழுத்தின் உருவையும் அதன் மேல் ஏறும் குறியையும் தனித்தனியாக எண்ணி, ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் எடுத்துக்கொள்கிறது. ‘நுவரெலியா’ என்பது நமக்கு ஐந்து எழுத்து; டேக்கிற்கு ஒன்பது குறிகள், அதாவது 27 பைட். அதே ஊரை ஆங்கிலத்தில் இடைவெளியோடு எழுதினால் 12 பைட்டில் முடிந்துவிடும். ‘சிவனொளிபாதமலை’ என்று ஆசையோடு எழுதினால் அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் 39 பைட் போய்விடுகிறது.

விகார்டின் தொடக்கம், முடிவு, பதிப்பு எண் முதலிய சட்டகத்துக்கே ஏறத்தாழ 50 பைட் செலவாகிறது. இலக்கத்தை 94 உடன் சேர்த்து எழுத இன்னும் 28. ஆகவே 213 சில்லு பதித்த ஸ்டிக்கரில் தமிழில் ஒரு பெயரையும் ஓர் இலக்கத்தையும் எழுதுவதற்குள் இடம் நிரம்பிவிடுகிறது. முகவரிக்கு வழியே இல்லை. நான் வாங்கிய இருபது ஸ்டிக்கர்களும் அந்த வகை. விகார்டுக்கு அவை பயன்படாது என்பது வாங்கிய பிறகுதான் தெரிந்தது. வெள்ளை அட்டைகளில் 216 இருந்ததால் பெயர், இரண்டு இலக்கங்கள், மின்னஞ்சல், மும்மொழியிலும் ஊர்ப் பெயர் ஆகிய அனைத்தும் தாராளமாக அடங்கின. புகைப்படம் மட்டும் அடங்காது. 888 பைட்டில் முகத்தைக் கொண்டுவர முடியாது.

தமிழிலேயே எழுத வேண்டுமா என்பதும் யோசிக்க வேண்டியதே. நெதர்லாந்திலிருந்து வந்தவரின் கைபேசியில் தமிழ்ப் பெயர் அழகாகத் தெரிந்தது; ஆனால் ஒரு வாரம் கழித்து அவரால் அதைத் தேடி எடுக்க முடியவில்லை, ஏனெனில் அவருடைய விசைப்பலகையில் அந்த எழுத்துகள் இல்லை. சிங்களம் பேசும் விருந்தினர்களுக்கும் இதே சிக்கல் இருந்தது. மலைநாட்டில் எவருடைய கைபேசியைத் திறந்தாலும் ஒரே பெயரில் நான்கைந்து பேர் இருப்பார்கள்; அவர்களைப் பிரித்தறியத் தோட்டத்தின் பெயரையோ தொழிலையோ ஒட்டிப் பதிவது இங்கே வழக்கம். அதைப் பின்பற்றி, பெயருக்கான இடத்தில் ‘ஹட்டன் வேன்’ என்று ஆங்கில எழுத்தில் எழுதி, தமிழ்ப் பெயரையும் சிங்களப் பெயரையும் குறிப்புப் பகுதிக்கு நகர்த்தினேன். மச்சானுக்கு முதலில் இது பிடிக்கவில்லை. தன் பெயர் பின்னுக்குப் போய்விட்டதே என்ற குறை இன்னும் அவருக்கு இருக்கிறது.

ஐபோன் விகார்டைக் காணாது, அன்ட்ரொய்ட் கண்டால் நேரடியாகச் சேமிக்கும் என்ற முரண்பாட்டுக்கு வருவோம். ஒரு டேக்கில் ஒன்றுக்கு மேற்பட்ட பதிவுகளை எழுதலாம். அன்ட்ரொய்ட் முதலாவது பதிவை மட்டும் பார்த்து எந்தச் செயலியைத் திறப்பது என்று முடிவு செய்கிறது. ஐபோனோ உள்ளே இருக்கும் பதிவுகளில் முதலாவதாக வரும் இணைப்பைத் தேடி எடுக்கிறது. எனவே முதலில் விகார்டையும் அடுத்ததாக ஓர் இணைப்பையும் எழுதினால், ஒரே அட்டை சாம்சங்கில் தொடர்புப் பக்கத்தையும் ஐபோனில் இணைப்பையும் திறக்கிறது. வரிசையை மாற்றி இணைப்பை முதலில் வைத்தால் இரண்டுமே இணைப்பைத்தான் திறக்கும். என்.எப்.சி. டூல்ஸ் என்ற இலவசச் செயலியில் இதை எழுத ஐந்து நிமிடங்கூட ஆகவில்லை. பத்து மாதத்தில் இந்த அட்டைகளிலிருந்து எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பயன் எதுவென்று கேட்டால், இந்த வரிசையைத்தான் சொல்வேன்.

இரண்டாவது பதிவாக எந்த இணைப்பை வைப்பது என்பது இடத்தைப் பொறுத்தது. வரவேற்பு மேசையில் வைபை இருப்பதால், மகள் இலவச இணையப் பக்கமொன்றில் ஏற்றிவைத்த தொடர்புக் கோப்பின் முகவரியை அங்குள்ள அட்டையில் எழுதினோம். ஐபோனில் அறிவித்தலைத் தொட்டால் சபாரி உலாவி அதைத் திறந்து, பெயரோடும் இலக்கத்தோடும் சேமிக்கும் பக்கத்தைக் காட்டுகிறது. வேனில் நிலைமை வேறு. மஸ்கெலியாவைத் தாண்டி மலைமடிப்புகளுக்குள் நுழைந்தால் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். அங்கே இணையப் பக்கத்தைத் திறக்கச் சொல்வது, பூட்டிய கடையின் வாசலில் விலை கேட்பதற்குச் சமம். அதனால் வேனில் இருக்கும் அட்டையில் இரண்டாவது பதிவாக வெறும் தொலைபேசி இலக்கத்தை வைத்தோம். அதைத் தொட்டால் ஐபோன் அழைக்கவா என்று கேட்கிறது. அந்நேரம் அழைப்பு போகாவிட்டாலும் இலக்கம் அழைப்புப் பட்டியலில் நின்றுவிடுகிறது, பிறகு பெயர் சேர்த்துக்கொள்ளலாம். பெயர் தானாக ஏறாதது குறைதான். ஆயினும் இலக்கம் பிழைபடாமல் ஏறுகிறது, எங்களுக்கு வேண்டியதும் அதுவே. வட்ஸ்அப் உரையாடலை நேரடியாகத் திறக்கும் இணைப்பையும் சில வாரம் வைத்துப் பார்த்தோம். டேட்டா இருக்கும் இடத்தில் அதைவிட வசதியானது வேறில்லை, இல்லாத இடத்தில் ஒன்றுக்கும் உதவாது.

வீணாகிவிட்டதாக நான் நினைத்த ஸ்டிக்கர்களும் இங்கே கைகொடுத்தன. தொலைபேசி இலக்கம் மட்டும் கொண்ட பதிவுக்கு 20 பைட் போதும் என்பதால், 144 பைட் அதற்குத் தாராளம். அறைச் சாவிகளின் மரத் துண்டில் ஒவ்வொன்றாக ஒட்டியிருக்கிறோம்.

இப்போது அந்த 3,200 ரூபா அட்டையைப் பற்றி. அதன் டேக்கில் இருந்தது எங்கள் இலக்கம் அன்று. விற்பனையாளரின் இணையத்தளத்தில் எங்களுக்காக ஒதுக்கப்பட்ட பக்கத்தின் முகவரி மட்டுமே. தொட்டால் அந்தப் பக்கம் திறக்கும், அதில் ஒரு பொத்தானை அழுத்தினால் தொடர்பு விபரம் இறங்கும். சிக்னல் நன்றாக இருந்தபோது பார்க்க அழகாகவே இருந்தது. புகைப்படம், வரைபடம், முகநூல் இணைப்பு எல்லாம் இருந்தன, விபரம் மாறினால் அட்டையைத் தொடாமலே பக்கத்தைத் திருத்தலாம் என்பதும் உண்மையான வசதி. ஏழாவது மாதத்தில், இலவசக் காலம் முடிந்துவிட்டது, ஆண்டுக் கட்டணம் கட்டினால்தான் பக்கம் திறக்கும் என்று மின்னஞ்சல் வந்தது. வாங்கும்போது இந்தக் கட்டணத்தைப் பற்றி எவரும் சொல்லவில்லை, பற்றுச்சீட்டிலும் இல்லை. சரி, அந்த முகவரியை அழித்துவிட்டு என் இலக்கத்தை எழுதிக்கொள்கிறேன் என்று முயன்றபோது, டேக் நிரந்தரமாகப் பூட்டப்பட்டிருந்தது. இந்தச் சில்லுகளில் பூட்டு ஒருமுறை விழுந்தால் மீளத் திறக்க வழியில்லை. பணம் கொடுத்து வாங்கிய என் அட்டையில் எனக்கு எழுத உரிமை இல்லை. விற்பனையாளரும் இரண்டு கடிதங்களுக்குப் பிறகு பதில் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

ஆகவே இத்தகைய அச்சிட்ட அட்டையை வாங்க நினைப்பவர், பணம் கட்டுமுன் மூன்று கேள்விகளை எழுத்தில் கேட்டுப் பதில் வாங்க வேண்டும்: உள்ளே இருக்கும் சில்லு எது, அது பூட்டப்பட்டு வருகிறதா, பக்கத்துக்கு ஆண்டுக் கட்டணம் உண்டா. இதற்குத் தடுமாறும் விற்பனையாளரை விட்டுவிட்டு, வெள்ளை அட்டையை வாங்கி ஊர் அச்சகத்தில் ஒரு ஸ்டிக்கர் அடித்து மேலே ஒட்டிக்கொள்வதே மேல்.

பூட்டு முற்றாகக் கெட்டது என்று சொல்லவரவில்லை. வரவேற்பு மேசையில் எவர் கைக்கும் எட்டும்படி இருக்கும் டேக்கைப் பூட்டாமல் வைத்தால், வந்துபோகிற எவரும் தம் கைபேசியிலேயே அதில் வேறு முகவரியை எழுதிவிட்டுப் போகலாம். அதற்குச் சில விநாடிகள் போதும். எழுதப்பட்டது வெளியே தெரியாது. அடுத்து வரும் விருந்தினர் எங்கள் பெயரை நம்பி எங்கேயோ போய்ச் சேருவார். அதனால் மேசை அட்டையையும் சாவி ஸ்டிக்கர்களையும் இலக்கம் இனி மாறாது என்று உறுதியான பிறகு நானே பூட்டினேன். மச்சானின் பையில் இருக்கும் அட்டை அவர் கையை விட்டுப் போவதில்லை என்பதால் அது திறந்தே இருக்கிறது. வீட்டு முகவரியை எந்த டேக்கிலும் எழுதவில்லை. தங்குமிடத்தின் விலாசம் பொதுவானது, எங்கள் வீட்டு விலாசம் அப்படியன்று.

நீடிப்பைப் பொறுத்தவரை குறை சொல்ல ஏதுமில்லை. சில்லைத் தயாரிக்கும் என்.எக்ஸ்.பி. நிறுவனம் எழுதியது பத்து ஆண்டு நிற்கும் என்றும், ஒரு இலட்சம் தடவை அழித்து எழுதலாம் என்றும் குறிப்பிடுகிறது. பத்து மாத மழையையும் மூடுபனியையும் வைத்து அதை நான் மெய்ப்பிக்க முடியாது, ஆனால் ஓர் அட்டைகூட இதுவரை பழுதாகவில்லை. ஒரு தடவை மச்சானின் காற்சட்டையோடு சலவைக்குப் போன அட்டையும் அப்படியே வேலை செய்கிறது. ஸ்டிக்கர்களின் மேற்காகிதம் மட்டும் ஈரத்தில் உரிந்துவிட்டது.

உலோகம்தான் இதற்குப் பகை. வேனின் கதவில் ஒட்டிய ஸ்டிக்கர் ஒரு கைபேசிக்கும் பதில் சொல்லவில்லை, ஏனெனில் பின்னாலிருக்கும் தகடு காந்தப் புலத்தைத் தின்றுவிடுகிறது. பக்கக் கண்ணாடியில் உட்புறமாக ஒட்டியபோது உடனே வேலை செய்தது. உலோகத்தில்தான் ஒட்ட வேண்டுமென்றால் பெரைட் படலம் சேர்த்த தனி வகை ஸ்டிக்கரைக் கேட்டு வாங்க வேண்டும், விலை சற்று அதிகம். சாரதிகள் பலர் காந்தத் தாங்கிக்காகக் கைபேசியின் முதுகில் ஓர் இரும்புத் தகட்டை ஒட்டியிருப்பார்கள். அந்தத் தகடு இருக்கும்வரை அவர்களுடைய கைபேசியிலும் இது படியாது. பணப்பையில் வங்கி அட்டையோடு சேர்த்து வைத்து, பணப்பையோடு நீட்டினால் கைபேசி இரண்டுக்கும் நடுவே குழம்பும். வெளியே எடுத்து நீட்ட வேண்டும்.

இத்தனையும் சொன்ன பிறகு, கியூ.ஆர். குறியை இலவசமாக அச்சிடலாமே, இது எதற்கு என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்வி. 1994 இல் ஜப்பானில் டென்சோ வேவ் நிறுவனத்தில் உருவான அந்தக் கட்டத்துக்குள் விகார்டை அப்படியே வைக்கலாம். ஐபோனும் அன்ட்ரொய்டும் கெமராவாலேயே படிக்கும், இணையமும் வேண்டாம். பணம் கட்டுவதற்கான லங்கா கியூ.ஆர். வந்த பிறகு கடைகளில் அதைப் பார்த்துப் பழகாதவர்களும் குறைவு. பகல் வெளிச்சத்தில், மேசையின் மேல், இரண்டுக்கும் பெரிய வேறுபாட்டை நான் காணவில்லை. தமிழில் நிறைய எழுதினால் கட்டங்கள் நெருங்கிச் சிறுத்துவிடுவது ஒன்றே கியூ.ஆரின் குறை.

ஆனால் எங்கள் வருமானத்தில் பெரும்பங்கு டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் வரையான சிவனொளிபாதமலைப் பருவத்தில் வருகிறது. மலையடிவாரமான நல்லதண்ணியில் வேனை நிறுத்தும்போது அதிகாலை ஒன்றரை, இரண்டு மணி இருக்கும். சூரிய உதயத்தைப் பார்க்க ஏறுகிறவர்கள் இருட்டில், கைகளைச் சட்டைக்குள் சுருட்டிக்கொண்டு இறங்குவார்கள். இறங்கி வந்ததும் எந்த இலக்கத்துக்கு அழைப்பது என்பதை அந்த இடத்தில்தான் அவர்களுக்குக் கொடுக்க வேண்டும். முன்பு கியூ.ஆர். அட்டையின் மீது மச்சான் டோர்ச் அடிப்பார், பளபளப்பில் கெமரா தடுமாறும், பின்னால் நிற்கும் வண்டி ஹோர்ன் அடிக்கும். இப்போது இருட்டிலேயே கைபேசியின் முதுகில் அட்டையைத் தொட்டுவிட்டு அவர்கள் நடக்கிறார்கள். சென்ற பருவத்தில் இறங்கி வந்த பிறகு எங்கள் வேனைத் தேடி அலைந்ததாகச் சொன்ன குழுக்கள் மிகவும் குறைந்துவிட்டன. மூவாயிரம் ரூபா அட்டை தராத பெறுமதியை முன்னூறு ரூபா அட்டை அந்த வாகனத் தரிப்பிடத்தில் தந்தது.

தோட்டப்புறத்து வாடிக்கையாளர்களுக்கு மட்டும் இது இன்னும் எட்டவில்லை. கலியாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் வேன் பேச வருகிறவர்களில் பலரின் கையில் இருப்பவை குறைந்த விலைக் கைபேசிகள், அவற்றில் என்.எப்.சி. கிடையாது. அட்டையை வைத்துப் பார்த்துவிட்டு ‘நம்ம போன்ல இது வராது போல அண்ணே’ என்று சங்கடப்படுகிறவர்களை மேலும் சங்கடப்படுத்த வேண்டியதில்லை. அவர்களிடம் இலக்கத்தைக் கேட்டு நாங்களே ஒரு மிஸ்ட் கோல் கொடுக்கிறோம். அதற்கு அட்டையும் வேண்டாம், டேட்டாவும் வேண்டாம், ரீலோடும் செலவாவதில்லை.

அடுத்த பருவத்துக்காக 216 சில்லு பதித்த வெள்ளை அட்டைகள் இன்னும் ஆறு வாங்கியிருக்கிறேன். ஒரு பக்கத்தில் பெயரும் இலக்கமும் பெரிய எழுத்தில், மறுபக்கத்தில் கியூ.ஆர். குறி, ஐபோனுக்கு எந்த விளிம்பில் தொட வேண்டும் என்பதைக் காட்டும் சிறிய படத்தை எங்கே வைப்பது என்பதில்தான் அச்சகத்தாருக்கும் எனக்கும் இன்னும் பேச்சு முடியவில்லை.